பையன் அப்பாவிடம், பாப்பா அம்மாவிடம்: ஒரு தாய்மாமன் கேட்ட கேள்விக்குப் பதில்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கையைக் கட்டிக்கொடுத்தது கோவையில். சண்டை முற்றிப்போய், நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு தங்கை அம்மா வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒன்பது வயது மகன் கோவையில் அப்பாவோடு இருக்கிறான், நாலாம் வகுப்பு. அரையாண்டு லீவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்ற மாப்பிள்ளை அனுப்பவில்லை, போனையும் எடுப்பதில்லை. இப்போது இரண்டு பிள்ளைகளும் தனக்கே வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். தங்கைக்கு வேலை இல்லை. அண்ணனுடைய கேள்விகள்: "ஸ்கூல் வாசலில் நின்று பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் என்ன? பெற்றவளுக்கு இல்லாத உரிமையா? பாப்பாவை அவர் கண்ணில் காட்டாமல் இருக்க வழி உண்டா? வேலை இல்லாதவளுக்கு கோர்ட் பிள்ளையைக் கொடுக்குமா?"

குடும்ப நல நீதிமன்ற வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வக்கீலிடம் பேசுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் காரை வீட்டிலேயே நிறுத்துங்கள்.

பையன் இருப்பது பெற்ற அப்பாவிடம். சட்டத்தின் பார்வையில் அவர் இயற்கைக் காப்பாளர். உங்கள் தங்கையே நேரில் போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் போலீஸ் "இது குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று இரண்டு தரப்பையும் அனுப்பிவிடும். நீங்கள் நண்பர்களோடு போய் ஏற்றினால் கதை வேறு. தாய்மாமனுக்கு முறை உண்டு, சீர் உண்டு, ஆனால் சட்டப்படியான காப்பாளர் என்ற இடம் கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் காப்பாளரின் சம்மதமில்லாமல் கொண்டுபோவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவில் வரும் குற்றம். புகார் உங்கள் பெயரில் வரும், அதைக் கழற்றிவிட மதுரைக்கும் கோவைக்கும் நீங்கள் அலைவீர்கள். இதைவிடப் பெரிய சேதம் மனுவில் விழும். "தாய் வீட்டார் ஆள் வைத்துப் பள்ளி வாசலில் பிள்ளையைப் பறித்தார்கள், குழந்தை பயந்து பள்ளிக்குப் போக மறுக்கிறான்" என்று எதிர்த் தரப்பு ஒரு பத்தி எழுதினால், நீதிபதி முதலில் படிப்பது அதைத்தான்.

ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்து வைத்திருக்கும் ஆளை நேரில் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனு, போடலாம் என்றும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். பெற்றோரில் ஒருவரிடம் பிள்ளை இருப்பது சட்டவிரோதக் காவல் என்று காட்ட முடிந்தால்தான் அது பயன்படும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: சட்டப்படி உரிமையே இல்லாதவரிடம் பிள்ளை இருந்தால் இந்த வழி, மற்றபடி விரிவாக விசாரிக்க வேண்டிய கஸ்டடி விவகாரம் என்றால் உரிய சிவில் நீதிமன்றம்தான். உங்கள் வழக்கில் பையன் பிறந்ததிலிருந்து இருந்த வீட்டிலேயே, படித்த பள்ளியிலேயே இருக்கிறான். அந்த மனுவில் பணமும் மாதங்களும்தான் போகும்.

இனி உரிமை பற்றி. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, அதன் 6-ஆம் பிரிவு, அப்பாவை முதல் காப்பாளர் என்றும் அவருக்குப் பிறகு அம்மா என்றும் சொல்கிறது. படித்ததும் கோபம் வரும். ஆனால் 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடிருந்தாலும் பிள்ளையைக் கவனிக்காத நிலையில் அம்மாவே காப்பாளராகச் செயல்படலாம் என்று தீர்த்துவிட்டது. மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க அம்மா கையெழுத்துப் போட்டதை ரிசர்வ் வங்கி ஏற்காததில் தொடங்கிய வழக்கு அது. அதே 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஆக உங்கள் பாப்பாவைப் பொறுத்தவரை இப்போதைக்குச் சட்டம் தங்கை பக்கம். அம்மாவிடம் இருப்பது குழந்தைக்குக் கெடுதல் என்று அப்பாதான் நிரூபிக்க வேண்டும்.

அடுத்த வருடம் ஐந்தாவது பிறந்தநாள் முடிந்த மறுநாள் பாப்பா கோவைக்குப் போய்விடுவாளா என்று பயப்பட வேண்டாம். அப்படி ஒரு தானியங்கி விதி கிடையாது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது: குழந்தையின் நலனே முதன்மை. அப்பா, அம்மா இருவரின் உரிமையும் அதற்கு அடுத்தபடிதான். 1973-இல் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு கஸ்டடி வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொம்மையும் இல்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். இன்றைக்கும் எங்கள் வாதங்களில் அந்த வரி வராத நாள் குறைவு. கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம்.

(இங்கே சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையிலும், மகள் பருவமடையும் வரையிலும் தாயின் பராமரிப்பில். எந்த மதமானாலும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டப்படி மனுப் போடலாம், கடைசியில் நலன் என்ற அளவுகோலுக்கே எல்லாரும் வந்து சேர்கிறார்கள்.)

நலன் என்றால் என்ன, அதை எப்படிக் காட்டுவது? வக்கீல் எழுதும் பெரிய வார்த்தைகளைவிடச் சின்னச் சின்ன விஷயங்கள் எடுபடும். பள்ளி டைரியில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது, அடுத்த ஊசி எப்போது என்று யாருக்குத் தெரியும்? பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு யார் போனது? பையனுக்கு வீஸிங் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று கேட்டால் யார் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்? குறுக்கு விசாரணையில் மகளின் வகுப்பு ஆசிரியை பெயர் கேட்கப்பட்டபோது ஓர் அப்பா தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். நல்ல சம்பளம், சொந்த வீடு, எல்லாம் இருந்தும் அந்தத் திரும்பல் அவருக்கு விலை அதிகம். இதே கேள்வியில் தடுமாறும் அம்மாக்களும் உண்டு.

வேலை இல்லாதவளுக்குக் கொடுப்பார்களா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். வருமானம் கஸ்டடியைத் தீர்மானிப்பதில்லை. செலவுக்குப் பணம் கொடு என்று அப்பாவுக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பிள்ளையின் பக்கத்தில் இரு என்று யாருக்கும் உத்தரவிட முடியாது. அதற்காக, பணமில்லை என்பதை ஒரு தகுதிபோல வைத்து வாதாடவும் வேண்டாம். பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள், எங்கே படுக்கும், எந்தப் பள்ளி, உங்கள் அம்மாவுக்கு உடல்நிலை எப்படி, இவற்றைத் திட்டமாகச் சொல்லுங்கள். தங்கை நாளைக்கு வேலைக்குப் போனாலும் அது குறையாகாது.

ஒழுக்கக் குற்றச்சாட்டுகள் நோட்டீஸில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இருக்கும். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஒன்று வந்தால் நம் பக்கத்திலிருந்து இரண்டு போக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் துடிப்பார்கள். நல்ல கணவனா, நல்ல மனைவியா என்பது விவாகரத்து வழக்கின் கேள்வி. கஸ்டடியில் கேட்பது நல்ல அப்பாவா, நல்ல அம்மாவா என்று மட்டும்தான். வாட்ஸ்அப்பில் நீங்கள் மாப்பிள்ளைக்கு அனுப்பும் ஒவ்வொரு வசவும் அச்சாகி, பக்க எண் போட்டு, ஆவணமாக வரும்.

இப்போது பையன் விஷயம், இதுதான் உங்களுக்குக் கடினமான பகுதி. ஒன்பது வயது. சொந்தமாக யோசித்து விருப்பம் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. நீதிபதி பையனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். ஆறு மாதமாக அம்மாவின் குரலே கேட்காத பிள்ளை என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நீதிபதிகளும் பிள்ளை பெற்றவர்கள்தான். ஏழு வயதுப் பெண் ஒருத்தி கவுன்சிலரிடம், "அப்பா குடும்பப் பொறுப்பு இல்லாதவர், அவரோடு என் எதிர்காலம் பாதுகாப்பாக இருக்காது" என்றாள். கவுன்சிலர் தலையாட்டிவிட்டு, கலர் பென்சிலும் தாளும் கொடுத்து வீட்டை வரையச் சொன்னார். அந்தப் பெண் நான்கு பேரை வரைந்தாள். தாடி வைத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவம். "இது யாரு பாப்பா?" "நான்தான்." அறிக்கையில் அந்தப் படமும் சேர்ந்து போனது.

2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், இரண்டு வயது ஆகும் முன்பே அப்பாவிடம் போய்ச் சேர்ந்த சிறுமி, எட்டு வயதில் அப்பாவோடு இருக்கவே விரும்புவதாகச் சொன்னாள். அம்மாவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளையின் விருப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கருதியது. கஸ்டடி அம்மாவுக்குப் போனது. இதை வைத்து உங்கள் வழக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் மனதில் மற்றவரைப் பற்றி விஷம் ஏற்றுவதை நீதிமன்றங்கள் இப்போது கவனிக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கவனம் உங்கள் வீட்டிலிருக்கும் பாப்பாவின் பக்கமும் திரும்பும். கூடவே, உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்கவே நீதிமன்றங்கள் பொதுவாக விரும்பும். நியாயமான காரணத்தோடு அதைக் கேளுங்கள்.

காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. பையன் கோவையில் எத்தனை மாதம் நிம்மதியாகப் படிக்கிறானோ, அவனை அங்கிருந்து எடுக்க நீதிபதி அவ்வளவு தயங்குவார். "முதலில் பெரியவர்கள் பேசட்டும்" என்று இன்னும் ஆறு மாதம் போக்காதீர்கள். பேச்சு பேச்சாக நடக்கட்டும், மனு மனுவாகப் போகட்டும்.

எங்கே போடுவது? காப்பாளர் சட்டப்படி, எங்கள் பேச்சில் ஜி.டபிள்யூ.ஓ.பி., பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் போட முடியும். அதன்படி பையனுக்குக் கோவை, பாப்பாவுக்கு மதுரை. இரண்டு ஊர் வாய்தா யாருக்கும் கட்டாது. இன்னொரு வழி இருக்கிறது. தங்கை விவாகரத்தோ, நீதிமுறைப் பிரிவோ (திருமணம் முறியாமல் கோர்ட் உத்தரவோடு பிரிந்து வாழ்வது) கேட்டு இந்துத் திருமணச் சட்டப்படி மனுப் போடுவதாக இருந்தால், மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், அதாவது மதுரை குடும்ப நல நீதிமன்றம். அந்த வழக்குக்குள்ளேயே 26-ஆம் பிரிவின் கீழ் இரண்டு பிள்ளைகளின் கஸ்டடி, படிப்பு, செலவு எல்லாவற்றுக்கும் இடைக்கால உத்தரவு கேட்கலாம். செலவும் படிப்பும் சம்பந்தமான மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தள்ளிப்போகும், ஆனாலும் அந்த வரியைக் காட்டிக் கேட்க உங்கள் வக்கீலுக்கு உரிமை உண்டு. சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், எனவே அது இப்போது முடியாது. அடி உதை நடந்திருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தற்காலிக கஸ்டடி கேட்கலாம். நடந்திருந்தால் மட்டும்.

வக்கீல் எதைப் போட்டாலும், முதல் நாளிலேயே பையனைப் பார்க்கவும் போனில் பேசவும் இடைக்கால மனு ஒன்றை, நாங்கள் ஐ.ஏ. என்போம், சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முழு கஸ்டடி கிடைக்க எவ்வளவு நாளாகுமோ தெரியாது. பார்க்கும் உத்தரவு அதற்கு வெகு முன்னாலேயே கிடைக்கும். ஆறு மாதம் பிரிந்த பிள்ளைக்கு அதுதான் அவசரம்.

பாப்பாவை அப்பா கண்ணில் காட்டாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். அவளுக்கு ஆபத்து என்று காட்ட உண்மையான காரணம் இருந்தால் உண்டு. அப்போதும் நீதிமன்றம் முதலில் யோசிப்பது கண்காணிப்போடு சந்திப்பது பற்றித்தான். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் இதற்கென்றே குழந்தைகள் மையம் இருக்கிறது. காரணம் எதுவும் இல்லாமல் மறைத்தால், மகனை மறைக்கிறார் என்று மாப்பிள்ளை மேல் நீங்கள் வைக்கும் அதே குற்றச்சாட்டு தங்கை மேல் திரும்பும். என்னைக் கேட்டால், அவருடைய நோட்டீஸுக்குப் போகும் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள்: இந்த இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை வந்து மகளைப் பார்க்கலாம், மகனையும் கூட்டி வரவும். வராவிட்டாலும் அந்தக் கடிதம் கோர்ட்டில் உங்களுக்காகப் பேசும்.

சந்திப்பு உத்தரவு எழுதுவதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. யாருக்கு கஸ்டடி என்பதில் ரத்தம் கொதிக்க நிற்பார்கள், "மாதம் இரண்டு முறை பார்க்கலாம்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒற்றை வரியிலிருந்து பத்து வழக்கு முளைக்கும். எந்தெந்த நாள்? எத்தனை மணிக்கு? எங்கே? யார் கூட்டிப் போவது, யார் கொண்டுவந்து விடுவது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாள் போனது போனதுதானா, அடுத்த வாரம் ஈடு கட்டலாமா? 2020-இல் உச்ச நீதிமன்றமே கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னது, சந்திப்பின் தன்மையும் விதமும் உத்தரவில் தெளிவாக இருக்க வேண்டும் என்று. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது பிள்ளையோடு பேச முடிய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதை உங்கள் மனுவில் அப்படியே கேளுங்கள்: தினமும் இரவு ஏழரை மணி, வீடியோ கால், ஸ்பீக்கர் வேண்டாம், பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஊர் தூரத்துக்கு எப்படி எழுதலாம் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து, ஒரு முறை மதுரையில், ஒரு முறை கோவையில். பிள்ளையை ஒப்படைக்கும் இடம் யார் வீட்டு வாசலும் வேண்டாம். மதுரைக்கும் கோவைக்கும் ஏறக்குறைய நடுவழியில் ஒட்டன்சத்திரம் இருக்கிறது, பேருந்து நிலையம் போதும், ஆளும் வெளிச்சமும் உள்ள இடம். கூட வருவது பிள்ளைக்குப் பழக்கமான ஒரே ஆள். பாப்பா ஆறு மாதமாக அப்பாவைப் பார்க்கவில்லை, எனவே அவளுக்கு முதல் இரண்டு மாதம் பகல் சந்திப்பு மட்டும், பிறகு இரவு தங்கல். காலாண்டு, அரையாண்டு லீவில் பாதிப் பாதி. கோடை லீவில் ஆளுக்கு ஒரு மாதம். தீபாவளி இந்த வருடம் அங்கே என்றால் பொங்கல் இங்கே, அடுத்த வருடம் மாற்றி. பள்ளி ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாம். ரேங்க் கார்டின் நகல் இருவருக்கும் போக வேண்டும்.

நம் ஊர்க் குடும்பங்களில் உத்தரவில் எழுத மறந்து பின்னால் அடிதடி வரை போவது இன்னொன்று: விசேஷங்கள். அவர்கள் குலதெய்வத்துக்கு முடி இறக்க வேண்டும் என்பார்கள். பாப்பாவுக்குக் காது குத்தியாகிவிட்டதா? இல்லையென்றால் உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று உங்கள் வீட்டில் நிற்பார்கள். அப்பா வீட்டுக்குச் சொல்லாமல் குத்தினால் அதற்கும் ஒரு மனு வரும். எந்த விசேஷம், யார் நடத்துவது, எத்தனை நாள் முன்னால் தகவல், மற்றவர் வரலாமா, இதையெல்லாம் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

இதில் நீதிமன்றம் எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு சுவையான கதை உண்டு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை மனைவி விருந்தினராக நடத்த வேண்டும், தேநீர், சிற்றுண்டி தர வேண்டும் என்கிற அளவுக்கு உத்தரவில் எழுதினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதி தேவையில்லை என்று நீக்கியது. சரியான முடிவு என்பது என் கருத்து. பிள்ளை முன்னால் மரியாதையாக இருங்கள், அது போதும், டீ போட்டுக் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

செலவு விஷயம் சுருக்கமாக. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தைத் திருமண வழக்குக்குள்ளேயோ, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலோ கேட்கலாம். 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சமும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. "பணம் வரவில்லை, அதனால் பிள்ளையைக் காட்ட மாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பணத்துக்குத் தனி மனு, சந்திப்புக்குத் தனி உத்தரவு, ஒன்றை வைத்து மற்றதை நிறுத்த முடியாது. மாப்பிள்ளைக்கும் இதே விதிதான்.

அவர் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறாரா? செய்தால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். பிள்ளைக் கடத்தல் தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, பையன் வெளிநாடு போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. நீதிமன்ற அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கூட்டிப்போகக் கூடாது என்றும், பாஸ்போர்ட் இருந்தால் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

வழக்குப் போட்டதும் கவுன்சலிங்குக்கோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். "சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள், நேரம் வீண்" என்று பலர் முறைத்துக்கொண்டு உட்காருவார்கள். சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடலாம். ஆனால் மேலே எழுதிய அட்டவணையை இருவரும் பேசி எழுத அந்த மேஜையைவிட நல்ல இடம் கிடையாது, நீதிபதிக்கு அந்த நுணுக்கத்துக்கெல்லாம் நேரம் இருக்காது. அந்த அறைக்குள் தங்கை மட்டும் போகட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். அண்ணன் உள்ளே வந்தால் அந்தப் பக்கம் சித்தப்பா வருவார், அதோடு பேச்சு முடிந்தது.

வக்கீல் வைக்கப் பணம் இடிக்கிறதென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போகும்போது இவ்வளவு எடுத்துப் போங்கள்: வந்த நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பாப்பாவின் தடுப்பூசி அட்டை, பையனின் பழைய ரேங்க் கார்டுகள், மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு கையில் இருந்தால் அது, எடுக்காமல் விட்ட போன் அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் தேதி தெரியும்படி. அந்த அழைப்புகளை நிறுத்திவிட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு முறை கூப்பிட்டு, எடுக்காவிட்டால் பையனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு வைக்கட்டும், சாப்பிட்டாயா, தங்கச்சி இன்றைக்கு என்ன சேட்டை செய்தாள் என்ற அளவில். அவன் அப்பாவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வரக் கூடாது.

நோட்டீஸில் பதிலுக்கு எத்தனை நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள்.